வீட்டில் 'சும்மா இருக்கிற' பிள்ளைகளை ஆன்லைனில் படிக்க வைக்க: புதிதாக இறங்குபவர்களுக்கு

"பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் எங்கள் ஆரணிப் பக்கம் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "சும்மாதான் இருக்கான்" என்பார்கள். படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சி எதிலும் இல்லை என்கிற இந்த நிலைக்கு உலக அளவில் 'நீட்' என்று ஒரு சுருக்கப் பெயர் உண்டு. 1990-களில் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. நம்மூரில் அந்தச் சொல்லை எடுத்தால் பேச்சு மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் போய்விடும். அதனால் நானும் சும்மா இருக்கிறவர்கள் என்றே எழுதுகிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, உலகத்தில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்படி இருக்கிறார். அவர்களில் மூன்றில் இரண்டு பேர் பெண்கள். பெண்களைப் பற்றி நாம் 'சும்மா இருக்கா' என்றுகூடச் சொல்வதில்லை, 'வீட்ல இருக்கா' என்போம். தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, அப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவளைச் சும்மா என்று சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும்போல.

நான் ஆசிரியர் இல்லை. வாரத்தில் இரண்டு மாலை நூலகத்தில் உட்கார்ந்து இந்தப் பிள்ளைகளோடு ஆன்லைன் படிப்பு படிக்கிறவன், அவ்வளவுதான். "நானும் எங்க ஊர்ல இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும், எங்கே தொடங்குறது?" என்று கேட்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். தொடங்கியபோது பதினாலு பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு போட்டேன். இலவசப் படிப்புகளின் இணைப்புகளைத் தேடித் தேடி அனுப்பினேன். கட்டை விரல் படமும் "சூப்பர் அண்ணா"வும் வந்தன. மூன்று வாரம் கழித்து நேரில் பார்த்தபோது, ஒருவர்கூட ஒரு பாடத்தையும் முழுசாகப் பார்த்திருக்கவில்லை. பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, இது ஆரணிப் பிள்ளைகளின் பிரச்சினை இல்லை என்று. அமெரிக்காவின் ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்கிற ஆன்லைன் தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கே இந்த லட்சணம் என்றால், எட்டாவதோடு நின்ற பிள்ளைக்கு இணைப்பு மட்டும் அனுப்பி என்ன ஆகப்போகிறது?

இன்னொரு செய்தி. 2020 ஊரடங்கில் போட்ஸ்வானா நாட்டில் சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளுக்குக் கணக்குப் பாடம் குறுஞ்செய்தியாக மட்டும் போனது. வேறு சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு, வாரம் ஒரு முறை ஒரு ஆள் போன் செய்து இருபது நிமிடம்போலப் பிள்ளையோடு கணக்குப் போட்டார். போன் வந்த வீடுகளில் பிள்ளைகளுக்குக் கணக்கு தெளிவாக முன்னேறியது. குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவர்கள் சின்னப் பிள்ளைகள், சும்மா இருக்கிற இளைஞர்கள் இல்லை. ஆனாலும் நான் குழுவைக் கலைத்துவிட்டு ஒரு மேசையும் நாலு நாற்காலியும் தேடப் போனதற்கு அதுதான் காரணம்.

முதல் படி: ஆளைத் தேடுங்கள், படிப்பைத் தேடாதீர்கள்

நோட்டீஸ் அடித்து ஒட்டினால் வருகிறவர்கள் ஏற்கெனவே கல்லூரியில் படிக்கிறவர்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் நோட்டீஸைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறவர்கள். அவர்களை அறிந்தவர்கள் வேறு: ரேஷன் கடைக்காரர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, அங்கன்வாடி டீச்சர், செல்போன் ரீசார்ஜ் கடை அண்ணன், கிரிக்கெட் டீம் கேப்டன். எனக்குக் கிடைத்த முதல் மூன்று பேரும் ரீசார்ஜ் கடை வழியாக வந்தவர்கள்தான். யார் பகல் முழுக்க போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஐந்து பேருக்கு மேல் முதலில் சேர்க்காதீர்கள். மூன்று போதும்.

வந்தவுடன் "என்ன படிக்கணும்?" என்று கேட்காதீர்கள். தெரியாது என்பார்கள், அல்லது உங்களைச் சந்தோஷப்படுத்த "கம்ப்யூட்டர்" என்பார்கள். "எப்போ நின்ன? எதனால?" என்று கேளுங்கள். இதைக் கேட்கிற விதம் முக்கியம். விசாரணை மாதிரி இருக்கக் கூடாது. நான் முதல் இரண்டு சந்திப்பில் இதை எடுப்பதே இல்லை. போனில் என்ன விளையாடுகிறான், யூடியூபில் என்ன பார்க்கிறான் என்று பேசிக்கொண்டிருந்தால் தானாக வரும்.

வருகிற பதில்கள் பலவிதம். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது, திரும்ப எழுதவில்லை. கல்லூரியில் நாலு அரியர், அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பாக்கிக் கட்டணத்துக்காக டிசி மாட்டிக்கொண்டிருக்கிறது. செய்யாறு சிப்காட் பக்கம் கம்பெனி வேனில் எட்டு மாதம் போனாள், கான்ட்ராக்ட் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு பக்கவாதம், தறி நின்றுவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டிசி மாட்டியிருப்பவனுக்கு ஆன்லைன் படிப்பு எதுவும் முதல் தேவை இல்லை. அவனோடு ஒருநாள் அந்தப் பள்ளிக்குப் போய்வருவதுதான் தேவை.

பகலில் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிற, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை ஒருவராவது வருவார். அது சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது. எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகாமல், அவர் சம்மதித்தால் பக்கத்தில் இருந்து போட்டுக்கொடுங்கள்.

இரண்டாம் படி: போனையும் காகிதத்தையும் சரிசெய்வது

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்டினால் பிறகு ஒவ்வொரு வாரமும் இங்கேயே வந்து நிற்பீர்கள்.

முதலில் இமெயில். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இமெயில் கணக்கு உண்டு, ஆனால் அதை ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது கடைக்காரர் தொடங்கிக் கொடுத்திருப்பார். பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும். புதிதாக ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். நோட்டில் எழுதக் கூடாது என்று கணினி நிபுணர்கள் சொல்வார்கள். மறந்துபோய் நிற்பதைவிட இது மேல் என்பது என் கட்சி.

அடுத்து ஓடிபி. ஆதாரோடு இணைத்த எண் பெரும்பாலும் அப்பாவுடையது. அவர் காலையிலேயே வேலைக்குப் போயிருப்பார். ஆதார் சேவை மையத்துக்குப் போனால் எண்ணை மாற்றித் தருவார்கள். இதை முதல் மாதத்திலேயே முடித்துவிட்டால் டிஜிலாக்கர், தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை எல்லாம் பின்னால் சுலபம்.

அப்புறம் நம் இனிஷியல் தொல்லை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுசாக இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. தளங்கள் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்துக் கேட்கும்போது பிள்ளை ஒன்றுக்கு ஒன்று மாறி நிரப்பிவிடும். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எங்கும் போடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவதோடு நின்றவர்களுக்கு டிசியில் உள்ளபடி.

டேட்டா இப்போது பெரிய செலவு இல்லை. 360பி தரத்தில் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 300 எம்பி ஆகும். தினசரி ஒன்றரை ஜிபி பேக்கில் தாராளமாக அடங்கும். தரத்தைக் குறைத்து வைக்கக் கற்றுக்கொடுங்கள், போதும். உண்மையான சிக்கல், வீட்டில் ஒரே போன், அது அண்ணன் கையில் இருப்பது. இதைப் பெண்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்படுவதற்கு முன், தெருவில் விசாரியுங்கள். 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. பேட்டரி செத்திருக்கும், சார்ஜர் செருகினால் ஓடும். எங்களிடம் இருக்கிற இரண்டும் அப்படிக் கேட்டு வாங்கியவைதான். விண்டோஸ் ஊர்ந்தால், அதிலேயே போட்டுக் கொடுத்திருந்த பாஸ் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தின் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாம் படி: முடியக்கூடிய ஒன்றை முடிக்க வைப்பது

சும்மா இருக்கிற பிள்ளைக்குப் படிப்பைப் பற்றி உள்ளே ஒரு கணக்கு இருக்கும்: 'நான் தொட்டது எதுவும் முடிஞ்சதில்ல.' அதனால் முதலில் எடுக்கிற பாடம் எவ்வளவு பயனுள்ளது என்பதைவிட, அது இரண்டு வாரத்தில் முடியுமா என்பதைத்தான் நான் பார்ப்பேன். பன்னிரண்டு வாரப் படிப்பில் நேராகத் தள்ளுவது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுகிற மாதிரி. கிணற்றிலாவது யாராவது பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

நான் அநேகமாகத் தொடங்குவது ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில். சுமார் பத்து நிமிடப் பாடங்கள். தமிழ்க் குரலில் நிறைய உண்டு. லிப்ரே ஆபீஸ், லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களைச் சொல்லித்தருகிறார்கள். அதன் முறையே தனி: திரையில் ஒரு பக்கம் வீடியோ, மறு பக்கம் மென்பொருள். அவர்கள் ஒன்று செய்ததும் நிறுத்திவிட்டு நாமும் செய்துபார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே தூங்க முடியாது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஐந்தாறு பாடம் முடித்ததும், கையோடு ஒரு வேலை கொடுங்கள். ஒரு தம்பி முதலில் செய்தது, தன் தெருப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வசூல் பட்டியல். லிப்ரே ஆபீஸிலேயே இருக்கிற கல்க் என்கிற கணக்குத் தாளில் கூட்டல் போட்டுக் கொண்டுவந்தான். அடுத்த வாரம் விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் அவனைத் தேடிக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார், போன வருடக் கணக்கையும் போட்டுத் தரச் சொல்லி. அந்தப் பெரியவர் வந்ததில் அவனுக்குக் கிடைத்தது எந்தச் சான்றிதழிலும் கிடைத்திருக்காது.

கம்ப்யூட்டரே கிடைக்கவில்லை, போன்தான் என்றால் தமிழ் தட்டச்சைக் கற்றுக்கொடுங்கள். தமிழ்99 விசைப்பலகை ஒரு வாரத்தில் கைக்கு வரும், போனிலும் உண்டு. எழுதப் பழகினால் மனு எழுதலாம், கடைக்குப் பட்டியல் போட்டுத் தரலாம். ஒரு மனு எழுதித் தந்து நாற்பது ரூபாய் வாங்கிவந்த நாளில் எங்கள் தங்கச்சி ஒருத்தி அதைச் செலவழிக்கவே இல்லை.

நான்காம் படி: கூட உட்காருவது

கட்டுரையின் மற்ற பகுதிகள் எல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் படிப்பு என்றால் வீட்டிலிருந்து தனியாகப் படிப்பது என்று அர்த்தம் கொள்ளாதீர்கள். பாடம் ஆன்லைனில் வரட்டும்; பிள்ளை உங்கள் மேசைக்கு வரட்டும்.

எங்கள் முறை இது. செவ்வாய், வெள்ளி, மாலை ஐந்திலிருந்து ஆறரை. முதல் பத்து நிமிடம் டீயும் பேச்சும். அப்புறம் நாற்பது நிமிடம் அவரவர் பாடம், காதில் இயர்போன். நான் எதுவும் சொல்லித்தருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைச் செய்கிறேன், யாராவது முழித்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் ஒவ்வொருவரும் இன்று படித்ததில் ஒன்றை மற்றவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும். முதலில் வெட்கப்படுவார்கள். ஆறாவது வாரம் யார் முதலில் காட்டுவது என்று சண்டை வரும்.

எனக்கு எக்செல்லே அரைகுறை, நான் எப்படி உதவுவது என்று கேட்பவர்களுக்கு: தெரியாமல் இருப்பது ஒருவகையில் வசதி. "எனக்கும் புரியல, வா திரும்பப் பாப்போம்" என்று நீங்கள் சொல்வதை அந்தப் பிள்ளை கேட்க வேண்டும். பள்ளியில் அவனிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வராத நாளில் அன்று இரவே ஒரு போன். "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு ஃபார்முலா பாத்தோம், நீ வெள்ளிக்கிழமை வந்தா உனக்கு அவன் காட்டுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். மூன்று முறை தொடர்ந்து வரவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள்.

இடம் கேட்டால் கொடுப்பார்கள். கிளை நூலகங்களில் மாலையில் மூலைகள் காலியாகத்தான் இருக்கின்றன. நூலகரைப் போய்ப் பாருங்கள். பொது நூலகங்களுக்கென்று நாட்டிலேயே முதலில், 1948-லேயே, சட்டம் போட்ட மாநிலம் இது. செய்தித்தாள் படிக்கிற பெரியவர்கள் சத்தம் என்று முணுமுணுத்தால் அவர்களில் ஒருவரையே ஆங்கிலம் சொல்லித்தரக் கூப்பிட்டுவிடுங்கள். எங்களுக்கு ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர் கிடைத்தது இப்படித்தான்.

பெண்களுக்கு நேரமும் இடமும் வேறு

மாலை ஐந்து மணி பெண்களுக்கு ஆகாது. அடுப்பு, தண்ணீர், வீடு திரும்புகிறவர்கள். அவர்களுக்குக் கிடைக்கிற நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை. அதனால் தனி நேரம் வையுங்கள், சுய உதவிக் குழு அக்கா ஒருவரை கூட இருக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே.

வீட்டிலிருந்து நகர முடியாதவர்களுக்கு ஆன்லைன் படிப்பு உண்மையிலேயே கை கொடுக்கிறது. ஆனால் பெண் போனைக் கையில் எடுத்தாலே "யார்கிட்ட பேசிட்டு இருக்க?" என்ற கேள்வி வரும். இதற்கு எங்கள் அக்கா கண்ட வழி: முதல் பாடத்தை இயர்போன் இல்லாமல், ஸ்பீக்கரில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது போடுவது. அம்மாவுக்கும் ஏதாவது ஒன்று அதில் புரிந்தால் அடுத்த வாரத்திலிருந்து போன் கிடைக்கும். அண்ணனிடமிருந்து போனை வாங்கித் தருவதும் அம்மாவாகவே இருப்பார்.

ஐந்தாம் படி: விட்ட பரீட்சையைப் பிடிப்பது

இரண்டு மாதம் போனதும் பெரும்பாலும் ஒரு பேச்சு வரும். "அண்ணா, அந்த டென்த் மறுபடி எழுதலாமா?" இதற்காகத்தான் நான் காத்திருப்பேன். நீங்களாக எடுத்தால் ஓடிவிடுவார்கள்.

எழுதலாம். ஏற்கெனவே எழுதித் தவறியவர்கள் தவறிய பாடத்தை மட்டும் தனித்தேர்வராக எழுதினால் போதும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு, பிறகு துணைத்தேர்வு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கிற சேவை மையங்களில் விண்ணப்பிக்க வேண்டும். தேதி சில நாள்களில் மூடிவிடும், செய்தித்தாளில் கண் வைத்திருங்கள். அறிவியல் எழுதுகிறவர்கள் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டுமா என்று கட்டாயம் விசாரியுங்கள். இதில் ஒரு வருடத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. பாடத்திட்டம் 2019-20-ல் மாறியது. பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். புதிய புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால் பாட வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்தில் வகுப்புவாரியாகப் பாடங்கள் அடுக்கிக் கிடக்கின்றன. ஊரடங்கு நமக்கு விட்டுப்போன நல்ல சொத்து அது.

கணக்கில் போனவர்களுக்கு எந்த டீச்சரைக் கேட்டாலும் சொல்லும் ரகசியம் ஒன்று உண்டு: வடிவியல் வரைதலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இரண்டும் வகை வகையாக, எண்ணிக்கைக்கு அடங்கியவை. வீடியோவைப் பார்த்துக் கையால் முப்பது முறை வரைந்தால் வந்துவிடும். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்கிறபோது 16 கையில் இருக்கிறது. கணக்கென்றால் கை நடுங்குகிறவனுக்கு ஸ்கேலும் காம்பஸும் கொடுத்துத் தொடங்குங்கள். இயற்கணிதம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து வருடம் செல்லும், ஒன்பது தேர்வு வாய்ப்புகள். ஒவ்வொரு பாடமாக எழுதிச் சேர்க்கலாம். சேரும் முன், அவன் போக நினைக்கிற படிப்போ வேலையோ அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அதேபோல, பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அந்த வழியில் வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது. நாலு வருடம் கட்டணம் கட்டிவிட்டுப் பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு முடித்துவிட்டு எங்கும் சேராமல் நின்றவர்களுக்கு, நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடத்துகிறார்கள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் அங்கே வரும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேலே சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இந்தத் தொகை உண்டு என்று தெரிந்த பிறகு முடிவை மாற்றிக்கொண்ட அப்பாக்கள் இருக்கிறார்கள். எட்டாவது மட்டும் முடித்தவர்களுக்கும் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகள் ஐடிஐயில் உண்டு. பேருந்து பாஸும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். ஆன்லைன் படிப்பைப் பற்றிய கட்டுரையில் ஐடிஐ எதற்கு என்றால், ஆன்லைனில் வெல்டிங் வராது, அதற்காகத்தான். வீடியோ பார்த்து ஆசை வரும், அவ்வளவுதான். ஆசை வந்தவனைப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: பெரிய தளங்கள், சான்றிதழ்கள்

ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் 2017-ல் தொடங்கியது. ஐஐடி மெட்ராஸ் ஒருங்கிணைக்கும் என்பிடெல் படிப்புகளும் அதில்தான். படிக்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழ் வேண்டுமென்றால் நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. அரியரோடு நின்ற பொறியியல், டிப்ளமா பிள்ளைகளுக்கு நல்லது. பத்தாவது பிள்ளைக்கு அது கடல். ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் சிறு படிப்புகள் கிடைக்கும், தரம் ஒரே மாதிரி இருக்காது. நீங்கள் முதல் பாடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் பழசு. ஆன்லைனில் வாங்கிய இருபது சான்றிதழ்களைவிட, டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும், கூடவே தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்துகிற 'சிஓஏ' கம்ப்யூட்டர் தேர்வும் நம் ஊரில் அதிகம் பேசும். குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அவற்றைத்தான் கேட்கிறார்கள். பொதுக்கல்வித் தகுதி பத்தாவதுதான். ஆன்லைனில் விரல் பழகிக்கொண்டு, இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம் சேர்ந்து பரீட்சை எழுதுவது நல்ல கலவை. வாட்ஸ்அப்பில் வருகிற 'ஒருநாள் வெபினார், உடனடிச் சான்றிதழ்' வகையறாவைத் திறக்கவே வேண்டாம்.

ஏழாம் படி: வேலை என்ற பெயரில் வருகிற வலை

பிள்ளை இணையத்தில் நடமாடத் தொடங்கியதும் வேலை விளம்பரங்கள் அவனைத் தேடி வரும். ஓட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்று டெலிகிராமில் ஒருவர் பேசுவார். முதலில் நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே வரும், பிறகு ஐயாயிரம் கட்டச் சொல்வார். டேட்டா என்ட்ரி வேலைக்கு முன்பணம், தப்பாக அடித்துவிட்டாய் வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டல். இதைவிட மோசம், கம்போடியா, மியன்மார் பக்கம் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் ஆன்லைன் மோசடி செய்ய அடைத்து வைப்பது. தமிழகப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிட்டாலே நிறுத்துங்கள்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம்: யாருக்கு வேலைச் செய்தி வந்தாலும் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து சிரித்துவிட்டால் அதன் மயக்கம் தெளிந்துவிடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஏமாந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

நல்ல வேலைக்கு நாமே போய்த் தேட வேண்டும். அப்ரண்டிஸ் இடங்களுக்கு மத்திய அரசின் பதிவுத் தளங்கள் உண்டு. ஐடிஐ, டிப்ளமா, பட்டம் முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு இரண்டு மூன்று பேராகக் கூட்டிப்போங்கள். தனியாகப் போகச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

எதை எழுதி வைப்பது

எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை மணி நேரம் வீடியோ பார்த்தார்கள் என்று எழுதாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம்: வந்த தேதி, முடித்த பாடம், மற்றவர்களுக்குக் காட்டியது என்ன, அடுத்து என்ன. பாதியில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். தறிக்குத் திரும்புவார்கள், கல்யாணம் ஆகும், பெங்களூரு பக்கம் கட்டட வேலைக்குப் போவார்கள். அவர்கள் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். போன வருடம் ஆடி மாதத்தில் நின்ற ஒருத்தி, கைக்குழந்தையோடு தை மாதம் அம்மா வீட்டுக்கு வந்தவள், மத்தியானம் இரண்டு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்து "என் பக்கம் இருக்காக்கா?" என்று கேட்டாள். இருந்தது. கல்க்கில் ஏழாவது பாடத்தில் நின்றிருந்தாள். எட்டாவதைப் போட்டோம்.